எல்லோரையும் ஊருக்கு அனுப்பியவர்

அன்று காலை அவர் என் கையுறை ஒன்றைப் போட்டுக்கொண்டு போனார். அவருடைய இடது கைக்கானது காணவில்லை. ரொட்டி இயந்திரத்தின் பின்னால், மாவு மூட்டைகளுக்கு நடுவில், கோட்டுப் பைகளில் எல்லாம் தேடிவிட்டு, ஆணியில் தொங்கிய என் சிவப்புக் கையுறையை எடுத்து விரல்களைத் திணித்தார். பாதிதான் நுழைந்தது.

"மன்ற உறுப்பினரு இப்படியா தெருவுல போவாரு? பாக்கிறவங்க சிரிப்பாங்க" என்றேன்.

"சிரிக்கட்டுமே. எனக்கு ஓட்டுப் போடாதவன்கூட சிரிச்சுட்டான்னா அடுத்த தடவை போடுவான். காபியை அடுப்புலயே வை, ஒஃபெலியா. பட்டை கொஞ்சம் கூடப் போடு. நேத்து வெந்நீர் மாதிரி இருந்துச்சு."

மண்வாரியோடு வெளியே போனார். பனி கொட்டிய காலைகளில் எங்கள் கடை வாசலை மட்டும் வழித்துவிட்டு அவர் உள்ளே வந்ததில்லை. அந்த வரிசை முழுவதையும் வழிப்பார். சலவைக் கடை, ரெய்னாவின் முடி திருத்தும் கடை, கடைசியில் நிக்கனோரின் டயர் கடை. அன்று சலவைக் கடை வாசலில் அவர் விழுந்து கிடந்ததை ரெய்னாதான் பார்த்தாள். அப்போது நான் காபிக்கு இலவங்கப்பட்டையை ஒடித்துக்கொண்டிருந்தேன்.

என் கணவரின் பெயர் எலெயுத்தேரியோ பர்ராகான். மெக்சிகோவில் மிச்சோவகான் மலையடிவாரத்திலிருந்து கிளம்பி, மாட்டிறைச்சி ஆலையை நம்பிப் பிழைக்கும் இந்த நெப்ராஸ்கா நகரத்துக்கு எலும்பு அறுக்கும் வேலைக்கு வந்தவர். பிறகு சோள ரொட்டிக் கடை போட்டார். எங்கள் வணிகர் சங்கத்தைத் தொடங்கினார். கடைசியில் நகர மன்றத்திலும் போய் உட்கார்ந்தார். எங்கள் ஆட்களில் அங்கே உட்கார்ந்த முதல் ஆள். எல்லோரும் மரியாதையாக அவரைத் தோன் தேயோ என்பார்கள்.

மன்றத்தில் பெரிய பேச்செல்லாம் பேசமாட்டார். ரயில் பாதை அருகே விளக்கு வேண்டும் என்று ஒரு குளிர்காலம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தார். ஆலையில் பகல் வேலை முடிந்து எங்கள் பெண்கள் நடந்து வரும் வழி அது. விளக்குப் போட்டார்கள். அது மற்ற விளக்குகளோடு சேர்ந்து இருட்டிய பிறகுதான் எரிந்தது. மறுபடி எழுந்து நின்றார். "இருட்டினப்புறம் எரிஞ்சா திருடனுக்கு வழி தெரியும். அதுக்கு முன்னாடி எரிஞ்சாத்தான் பொம்பளைங்களுக்கு வழி தெரியும்" என்றார். அந்த ஒரு விளக்கை மட்டும் முன்னதாக எரியும்படி மாற்றிக் கொடுத்தார்கள்.

ஆனால் ஜனங்கள் அவரை நினைப்பது வேறொன்றுக்காக. எங்கள் ஆட்களில் யார் இறந்தாலும் அன்று மாலைக்குள் ஒவ்வொரு கடைக் கல்லாவிலும் இறந்தவரின் படம் ஒட்டிய ஒரு ஜாடி வந்துவிடும். ரொட்டி வாங்க வந்தவரும் டயர் மாற்ற வந்தவரும் முடிந்ததைப் போடுவார்கள். மீதியைச் சங்கம் பார்த்துக்கொள்ளும். உடல் பிறந்த ஊருக்குப் போய்ச் சேரும். ஒவ்வொரு துக்க வீட்டிலும் செபமாலை முடிந்ததும் அவர் எழுந்து நின்று ஒரே வாக்கியத்தைச் சொல்வார்: "நம்ம ஆளு ஒருத்தரையும் இந்தப் பனிக்குள்ள விட்டுட்டுப் போகமாட்டோம்."

அந்த வாக்கியம் எங்கிருந்து வந்தது என்பது எனக்கு மட்டும் தெரியும். நாங்கள் வந்த புதிதில் எங்களுக்கு ஒரு பையன் பிறந்தான். காய்ச்சலில் போய்விட்டான். அப்போது சங்கமும் இல்லை, ஜாடியும் இல்லை. நகரத்துக் கல்லறையில், வேலியோரமாக, உறைந்த மண்ணை இயந்திரத்தால் உடைத்துத்தான் அவனை வைத்தோம். அவர் அதைப் பற்றி ஒருநாளும் பேசவில்லை. மற்றவர்களை ஊருக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார்.

அவருக்கான ஜாடியும் அன்று மாலையே வந்துவிட்டது. எங்கள் கடைக் கல்லாவில், என் கண் முன்னால், ரெய்னா அழுதுகொண்டே வைத்தாள். மன்றத்தில் எடுத்த படம். டை கோணலாக இருந்தது.

மறுநாள் நிக்கனோர் வந்தார். சங்கத்தில் என் கணவருக்கு அடுத்த ஆள் அவர்தான். அவருடைய மகளுக்கு நான் ஞானத்தாய். அதனால் என்னைக் கொமாத்ரே என்றுதான் கூப்பிடுவார்.

"எல்லாம் முடிச்சாச்சு கொமாத்ரே. வியாழக்கிழமை விமானம். அண்ணன் பெட்டி போற அதே விமானத்துல உங்களுக்கும் டிக்கெட் போட்டாச்சு. சன்னலோர இருக்கை. சங்கத்தோட செலவு. மறுத்துப் பேசாதீங்க."

நான் கல்லாவைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவர் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டார்.

"நீங்க பேசாம இருந்தா எனக்குப் பயமா இருக்கு. அண்ணன் இருந்தா, ஒஃபெலியா வாயை மூடினா புயல் வரப்போகுதும்பாரு."

"நிக்கனோர், அவரை இங்கயே வைக்கணும்."

"இங்கயா?"

"பையன் பக்கத்துல."

அவர் என்னைப் பார்த்த பார்வை, துக்கத்தில் புத்தி பேதலித்தவளைப் பார்ப்பது போல இருந்தது. "கொமாத்ரே, அவரு சொன்ன வார்த்தை என்ன ஆகுறது? எத்தனை வீட்டுல சொல்லிருக்காரு. அவரையே இந்தப் பனியில விட்டுட்டா நாளைக்கு நம்ம மூஞ்சியில யாரு முழிப்பா?"

அப்போதுதான் சொன்னேன், அவரும் நானும் ஒரு வக்கீலும் மட்டும் அறிந்ததை. எல்லையில் ஒருமுறை பிடிபட்டு, திருப்பி அனுப்பப்பட்டு, மறுபடி வந்தவள் நான். குடியுரிமை வாங்கியவரின் மனைவி என்றாலும் அந்த முடிச்சு அவிழாது. இந்த நாட்டை விட்டு ஒருமுறை வெளியே போனால் திரும்பி வர வழியில்லை. விமானத்தில் அவரோடு போனால் பையனை விட்டுவிட்டுப் போக வேண்டும். போகாவிட்டால் அவருடைய கல்லறையைப் பார்க்கவே மாட்டேன்.

நிக்கனோர் வெகுநேரம் தொப்பியின் விளிம்பைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"ஏன் எங்கிட்டகூடச் சொல்லல?"

"சொல்லியிருந்தா அவரை மன்றத்துல உக்கார விட்டிருப்பாங்களா? உங்க வாயைப் பத்தி அவருக்குத் தெரியாதா என்ன. டயருக்குக் காத்தடிக்கும்போதே பாதி ஊருக்குச் சேதி போயிடும்னு சொல்லுவாரு."

அவர் சிரித்துவிட்டார். உடனே முகத்தைக் கையால் மூடிக்கொண்டார்.

"சரி. நான் சங்கத்துல பேசுறேன். காரணம் சொல்லமாட்டேன். நீங்க சொன்னா சொன்னதுதான். இங்கயே வைப்போம்."

அவர் போனபின் மாவு பிசையத் தொடங்கினேன். கைக்கு வேலை வேண்டியிருந்தது. அப்போது தொலைபேசி அடித்தது. அவருடைய அம்மா, தோன்யா ரெஃபூகியோ. காது சரியாகக் கேட்காததால் எப்போதும் உரக்கத்தான் பேசுவார்கள். அன்று குரல் தணிந்திருந்தது.

"மகளே, குழி வெட்டியாச்சு. அவங்க அப்பாவுக்குப் பக்கத்துலதான். நீளமா வெட்டச் சொல்லிருக்கேன். அவன் வளத்தியான பையனாச்சே."

"ஆமாம்மா."

"இப்ப உடம்பு போட்டிருக்கானா? எதுக்குக் கேக்குறேன்னா, பெட்டி நம்ம வாசல்ல நுழையணும். ஒரு ராத்திரி வீட்டுக்குள்ள வச்சுத்தான் எடுக்கணும். நுழையலைன்னா கதவைக் கழட்டச் சொல்றேன்."

"கொஞ்சம் போட்டிருக்காரும்மா. வயிறு மட்டும்."

"ரொட்டிக் கடைக்காரனுக்கு வயிறு போடாம? நல்லாச் சோறு போட்டிருக்க நீ. ஒவ்வொரு வருஷமும் வர்றேன் வர்றேன்னான். மன்றத்துல வேலைம்மா, விட மாட்டேங்கிறாங்கம்மான்னான். பெரிய மனுஷன் ஆயிட்டான், என்ன பண்றதுன்னு நானும் விட்டுட்டேன். எப்படியோ இப்பவாவது விட்டாங்களே."

மன்றம் அவரைத் தடுத்ததேயில்லை. அவர் கையில் கடவுச்சீட்டு இருந்தது. எப்போது வேண்டுமானாலும் போயிருக்கலாம். என்னால் போக முடியாத இடத்துக்குத் தான் மட்டும் போவதில்லை என்று இருந்துவிட்டார். அதையும் அவர் சொன்னதில்லை. குளிர்காலம் வந்தால் பயணப் பெட்டியை எடுத்துத் தூசி தட்டுவார், மறுபடி உள்ளே வைத்துவிடுவார்.

"கதவைக் கழட்டச் சொல்லுங்கம்மா," என்றேன். "அதுதான் நல்லது."

மாவுக் கையோடு டயர் கடைக்கு நடந்தேன். நிக்கனோர் ஒரு லாரிக்கு அடியில் படுத்திருந்தார். கால்கள் மட்டும் தெரிந்தன.

"அனுப்பிடுங்க," என்றேன் கால்களிடம்.

"என்ன கொமாத்ரே?" வெளியே ஊர்ந்து வந்தார்.

"அவங்க அம்மா அவரைப் பாத்து எவ்வளவு காலமாச்சு. நான் தினமும் பாத்தேன். பையனுக்கு இங்க நான் இருக்கேன். அவரு அங்க போகட்டும். என் டிக்கெட்டை உங்க பேருக்கு மாத்தி நீங்க போங்க. எனக்கு உடம்பு சரியில்லைன்னு சொல்லிடுங்க."

அவர் கையைத் துணியில் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார். "சன்னலோர இருக்கை எனக்கு ஆகாது," என்றார் கடைசியில். "கீழ பாத்தா தலை சுத்தும்."

"அப்ப கீழ பாக்காதீங்க."

அடக்கத்தன்று கடையைச் சாத்திவிட்டு மாவு மூட்டை மேல் உட்கார்ந்து தொலைபேசியில் பார்த்தேன். கூட இருக்கிறேன் என்றாள் ரெய்னா. வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். நிக்கனோர் அங்கிருந்து தன் தொலைபேசியைத் தூக்கிப் பிடித்துக் காட்டினார். வாசலின் கதவு கழற்றிச் சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. வாத்தியக்காரர்கள் ஊதிக்கொண்டு முன்னால் போனார்கள். எனக்குத் தெரியாத குழந்தைகள் பூ எடுத்து வந்தார்கள். தோன்யா ரெஃபூகியோ பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டே நடந்தார்கள். குழியருகே வந்ததும் படம் நின்றுவிட்டது. கயிற்றில் பெட்டி பாதியில் தொங்கியபடி. சத்தம் மட்டும் கொஞ்சநேரம் வந்தது, மண் விழும் சத்தம். பிறகு அதுவும் நின்றது.

அவருடைய உடைகளோடு மருத்துவமனையில் கொடுத்த என் சிவப்புக் கையுறை கல்லாவுக்குப் பக்கத்தில் இருந்தது. விரல்கள் இன்னும் விரிந்தே இருந்தன. அதைப் போட்டுக்கொண்டு கல்லறைக்குக் கிளம்பினேன். பையனின் கல் மேல் பனி மூடியிருந்தது. வழித்துவிட்டேன். அப்பா ஊருக்குப் போயிட்டார்டா என்று சொல்ல நினைத்தேன். சொல்லாமல் கல்லின் ஓரத்துப் பனியையும் வழித்தேன். கொஞ்சநேரம் நின்றுவிட்டுத் திரும்பினேன்.

வரும் வழியில் ஆலைப் பெண்கள் ரயில் பாதையைக் கடந்துகொண்டிருந்தார்கள். வானத்தில் இன்னும் வெளிச்சம் இருந்தது. தெருவில் வேறு எந்த விளக்கும் எரியவில்லை. பாதை ஓரத்து விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது.