வெள்ளிக்கிழமைச் சமம்

தாழையூரில் ஆளுக்கொரு காலத்தை, அதாவது வாழும் வேகத்தை, அட்டையில் அச்சடித்துக் கொடுத்திருக்கிறார்கள். விளம்பக்காரர் மெல்லப் பேசுவார், மெல்ல நரைப்பார். துரிதக்காரருக்கு எல்லாமே நாலு மடங்கு வேகம்.

தவமணியும் அவள் கணவர் சற்குணமும் விளம்பத்தில்தான் குடித்தனம் நடத்தினார்கள். தபால் பிரிக்கும் வேலையில் பதவி உயர்வு வந்ததும் அவரைத் துரிதத்துக்கு மாற்றிவிட்டார்கள். அன்றிலிருந்து இவள் "ஏங்க" என்று வாயெடுப்பதற்குள் அவர் குளித்து, சாப்பிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போயிருப்பார். ஐந்தே வருஷத்தில் மனுஷனுக்கு இருபது வயசு ஏறிவிட்டது. அவளுக்கு நாற்பத்தைந்து, அவருக்கு அறுபத்தைந்து. வீட்டுக்குள்ளேயே இருக்கிற ஆளுக்காக ஏங்குவது இருக்கிறதே, அந்தப் பாடு எதிரிக்கும் வேண்டாம்.

இருவரையும் ஒரே காலத்தில் சேர்க்கச் சொல்லி மனு கொடுத்தாள். கால அலுவலகத்துக் குமாஸ்தா ஆரோக்கியசாமி வந்து சுவரில் காதை வைத்துப் பார்த்தார். முன்னெல்லாம் சற்குணத்தின் இருமலும் இவள் முணுமுணுப்பும் குக்கர் விசிலும் பின்னிக்கொண்டு வீடே கெட்டியாக ஒலிக்கும். இப்போது எல்லாம் தனித்தனி நூலாகப் பிரிந்து கிடந்தன.

"இழை ரொம்ப மெலிஞ்சுபோச்சும்மா. வெள்ளிக்கிழமை காலையில ஒரு சமம் தரேன், ரெண்டு தாளமும் ஒண்ணா வந்து சேர்ற இடம். ரெண்டு பேரும் அவங்கவங்க காலத்துலயே தாளம் போட்டுக்கிட்டு வாங்க. கடைசித் தட்டு சேர்ந்து விழுந்தா ரெண்டு பேருக்கும் ஒரே காலம். வேகத்தைக் கூட்டிக் குறைச்சிடாதீங்க, அவ்வளவுதான்."

வெள்ளிக்கிழமை குமாஸ்தா முன்னால் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். அடடா, அந்த முகத்தை இவ்வளவு கிட்டத்தில் பார்த்து எத்தனை நாளாச்சு! நரைத்த மீசையைக் கண்டதும் தவமணிக்குப் பொறுக்கவில்லை. 'பாவி மனுஷா, இரு, வந்துட்டேன்' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே கையை வேகமாக ஓட்டினாள். அங்கே அவரும் இவளுக்காகக் கையை இழுத்துப் பிடித்தார். ஆசை வந்தால் தாளம் நிற்குமா? அவளுடைய கடைசித் தட்டு முந்தி விழுந்தது. வெகுநேரம் கழித்து அவருடையது விழுந்தது.

"முந்தின அம்மா துரிதம், பிந்தின ஐயா விளம்பம்" என்று அட்டைகளைத் திருத்தி முத்திரை குத்திவிட்டுக் குமாஸ்தா கிளம்பினார்.

தவமணி வாய்விட்டு அழுதாள். துரிதம் அல்லவா, அழுகை சட்டென்று முடிந்துவிட்டது. சற்குணம் அவள் பெயரைக் கூப்பிட ஆரம்பித்தார். முதல் எழுத்து வாயைவிட்டு வருவதற்குள் அவள் சோறு வடித்து, விரல்விட்டுக் கணக்கும் போட்டுவிட்டாள்.

"இன்னும் அஞ்சே வருஷங்க. எனக்கு அறுபத்தஞ்சு, உங்களுக்கு எழுபது. கல்யாணத்தப்ப இருந்த அதே அஞ்சு வயசு வித்தியாசம்."

சொல்லிவிட்டு அவர் எதிரிலேயே உட்கார்ந்து நரைக்கத் தொடங்கினாள்.