மூன்று நிறுவைப் பந்தயம்

ஜௌபர் என்னோடு பேசி ஒரு வருடமாகியிருந்தது. காரணம், நான் எழுதிய சட்டம்.

பதுளையில் என் இன்டர்நெட் கடை, பண்டாரவளையில் அவனுடையது. 2007இல் இரண்டு பேரும் சேர்ந்து ஒன்லைன் கார் ரேஸ் போட்டி வைத்தோம். எட்டுப் பேர், அவரவர் ஊரிலிருந்தே ஓட்டுவது. தோற்றவர் வெளியே, நடுவில் இன்டர்நெட் லைன் விட்டுப்போனாலும் வெளியே. கடைசி ஓட்டத்தில் ஜௌபர் முன்னால் போய்க்கொண்டிருக்கும்போது அவன் பக்கம் மழை பிடித்து லைன் போய்விட்டது. எதிரில் ஓட்டியது என் தங்கை தனுஜா. சட்டப்படி கப் அவளுக்கு என்று நானும் வாய் கூசாமல் அறிவித்தேன்.

தங்கச்சிக்கு அளவெடுத்துத் தைத்த சட்டம் என்று பண்டாரவளையில் பேச்சு. ஜௌபர் என் போனை எடுப்பதை நிறுத்திக்கொண்டான். அதுதான் எரிச்சலாக இருந்தது. நாலு வார்த்தை திட்டியிருந்தால் நானும் திட்டித் தீர்த்திருப்பேன்.

அடுத்த வருடம் போட்டிக்குச் சட்டம் எழுத உட்கார்ந்து மூன்று தாளைக் கிழித்துப் போட்டேன். தனுஜா ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவள். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் கடைக்கு வருவாள். பார்த்துப் பார்த்துப் பொறுக்க முடியாமல் கேட்டாள்.

"ஏண்ணே, காலையில பனியில கொழுந்து கொறஞ்சா எங்கள வீட்டுக்கா அனுப்புறாங்க? மூணு நிறுவையும் கூட்டித்தானே பேர் போடுறாங்க?"

அவள் சொன்னது சரி. தோட்டத்தில் காலை, பகல், மாலை என்று மூன்று தடவை கொழுந்து நிறுப்பார்கள். மூன்றும் சேர்ந்து தோட்டத்தில் சொன்ன கிலோ வந்தால் முழுப்பேர், ஒரு நாள் சம்பளம். வராவிட்டால் அரைப்பேர், பாதிச் சம்பளம். காலையில் விட்டதை மாலையில் பிடித்துக்கொள்ளலாம்.

அப்படியே எழுதினேன். ஒரே நாளில் மூன்று ஓட்டம், எட்டுப் பேரும் எல்லாவற்றிலும் ஓட்டலாம். முதலாவதுக்கு எட்டுப் புள்ளி, அடுத்ததுக்கு ஏழு, இப்படியே இறங்கும். லைன் விட்டால் அந்த ஓட்டத்துக்கு மட்டும் பூச்சியம். ஜௌபருக்கு ஈமெயில் அனுப்பினேன். 'சரி' என்று ஒரு சொல் வந்தது.

காலை ஓட்டத்தில் பாதி வழியில் ஜௌபரின் கார் திரையிலிருந்து மறைந்தது. மறுபடியும் லைன். இவனுக்கென்றே இப்படி நடக்கிறதே என்று மழையையும் டெலிபோன் கம்பியையும் சேர்த்துத் திட்டினேன். தனுஜாவுக்கு ஏழு, அவனுக்குப் பூச்சியம்.

ஆனால் பகல் ஓட்டத்துக்கு வந்தான், முதலாவதாக முடித்தான். தனுஜாவுக்கு ஐந்து. மாலை ஓட்டத்திலும் அவன்தான் முதலாவது. தனுஜா கடைசி வளைவில் சறுக்கி ஆறாவதாக வந்தாள், மூன்றுதான். கூட்டிப் பார்த்தேன். அவனுக்குப் பதினாறு, அவளுக்குப் பதினைந்து. மற்ற எல்லாரும் அதற்குக் கீழேதான்.

என் தங்கை தோற்றதற்கு நான் நிம்மதிப் பெருமூச்சு விட்டேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அப்போதுதான் கடைப் போன் அடித்தது. ஜௌபர்.

"மச்சான், உண்மையச் சொல்லு. போன வருசத்துக்காகத் தங்கச்சி விட்டுக் குடுத்திட்டாளா?"

எனக்கும் அதே சந்தேகம்தான். போனை அவளிடமே நீட்டினேன். விஷயத்தைக் கேட்டதும் அவள் முகம் சிவந்தது.

"விட்டுக் குடுக்குறதா? இந்த ஒரு நாளுக்காக வாரம் பூரா கைவலியோட காத்துக்கிட்டு இருக்கேன், உங்களுக்கு எதுக்குங்க நான் விட்டுக் குடுக்கணும்? அந்த வளைவுல வழுக்கிட்டேன், அவ்வளவுதான். அடுத்த வருசம் வாங்க, பாத்துக்குறேன்."

மறுமுனையில் ஜௌபர் சிரிக்கத் தொடங்கினான். கடையில் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்கும் அளவுக்குச் சிரித்தான். நான் கதிரையில் சரிந்து உட்கார்ந்து, போன் என் கைக்கு வரும்வரை காத்திருந்தேன்.