எல்லாத்துக்கும் 'தினமும்'

"பாப்பாவக் கொஞ்ச நாள் அக்கா வீட்ல விட்ரலாமா?" என்று மனைவி கேட்டபோது நான் சமையலறைக் குழாயைக் கழற்றிக்கொண்டிருந்தேன். ஊர்க் குழாயையெல்லாம் சரிசெய்கிறவன் வீட்டுக் குழாய் ஒழுகுகிறதென்று குத்திக்காட்ட வந்திருக்கிறாள் என நினைத்திருந்தேன். அவளோ போனை நீட்டினாள். இணையத்தில் ஏதோ மனநல டெஸ்டாம், கேள்விகளுக்குப் பதில் தட்டியிருக்கிறாள். முடிவு சிவப்பு எழுத்தில் வந்திருந்தது: மனச்சோர்வு, தீவிரம்.

"எனக்குப் புத்தி பெசகி, புள்ளைய ஏதாவது பண்ணிட்டேன்னா?"

பயம் வந்தால் எனக்கு முதலில் கோபம்தான் வந்து தொலையும். "போன் சொன்னா வேதவாக்கா?" என்று கத்திவிட்டேன். ஆனால் ராத்திரி முழுக்க அவள் புரண்டு புரண்டு படுத்ததை நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

மறுநாள் பாப்பாவைப் பள்ளியில் விட்டுவிட்டு மருத்துவமனைக்குப் போனோம். டாக்டரம்மா போனைப் பார்த்தார், முகம் மாறவில்லை. ஒவ்வொரு கேள்வியாகத் திரும்பக் கேட்டார். அழுகை? போன வாரம் ஒரு தடவை. பசியில்லாமல்? ஒருநாள் மத்தியானம்.

"அப்புறம் ஏம்மா எல்லாத்துக்கும் 'தினமும்'னு போட்டிருக்கீங்க?"

மனைவி திருதிருவென விழித்தாள். "ஒரு தையல் விட்டிருந்தாலும் முழுச் சட்டையும் ரிஜெக்ட்தானே மேடம்?"

அவள் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில், தைத்த துணியில் குறை தேடுகிற செக்கர். கல்யாணத்தன்றே என் சட்டைக் காலரைத் திருப்பிப் பார்த்தவள். டாக்டர் சிரித்தேவிட்டார். பிறகு நிதானமாகக் கேட்டார், "சாகணும்னோ, புள்ளைய அடிக்கணும்னோ தோணிருக்கா?"

"ஐயையோ, இல்ல மேடம். அப்படித் தோணிடுமோன்னுதான் பயம்."

"அந்த டெஸ்ட் உங்களுக்கு இன்ன நோய்னு சொல்லாதும்மா. யார்கிட்டயாவது போய்ப் பேசுன்னு சொல்லும், அவ்வளவுதான். நீங்க வந்துட்டீங்க. தூக்கம் கெட்டது நெஜம், அதைச் சரிபண்ணலாம். அடுத்த வாரமும் வாங்க. புள்ள உங்ககூடவே இருக்கட்டும்."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவள் வாய்விட்டு அழுதாள். நானும்தான், அதிலென்ன வெட்கம்.

திரும்பும் பேருந்தில் அக்காவுக்குப் போன் போட்டாள். "பாப்பாவ அனுப்பலக்கா. எங்கிட்டயே இருக்கட்டும்." வைத்த கையோடு என் தோளில் சாய்ந்தவள், வாயைத் திறந்தபடி தூங்கிப்போனாள். எங்கள் நிறுத்தம் வந்தது. கண்டக்டர் என்னைப் பார்த்தார். நான் உதட்டில் விரலை வைத்து, கடைசி நிறுத்தம் வரைக்கும் இரண்டு டிக்கெட் என்று சைகை காட்டினேன். பள்ளி விட இன்னும் நேரமிருந்தது.