இருசப்பன் கழுத்து

உலகக் குத்துச்சண்டைச் சாம்பியன் மார்சியானோ இனிமேல் சண்டை போடப்போவதில்லை என்று பேப்பரில் வந்த அதே கோடையில் தெய்வநாயகமும் மேடையை விட்டு இறங்கினான். அவர் நாற்பத்தொன்பது சண்டை போட்டு ஒன்றிலும் தோற்கவில்லை. இவன் பதினொன்று, இவனும் தோற்கவில்லை. அவர் தானாக நிறுத்திக்கொண்டார், இவனை டாக்டர் நிறுத்தினார். இடது கண்ணில் இன்னொரு குத்து விழுந்தால் அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டார்.

இருபத்தாறு வயதில் கணக்கு மூடிவிட்டது. இனி ஊரில் அவன் இடம் எது என்பதைப் பேசித்தான் முடிவுசெய்ய முடியும். அதற்கு எங்கள் குத்துச்சண்டைச் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. சங்கத்தின் சிவப்புப் பட்டுப் பட்டை ஊரிலேயே பெரிய குத்துச்சண்டைக்காரனிடம் இருக்கும். அதை அடித்து வாங்க முடியாது. தோற்காத ஒருவன் மேடையை விட்டு இறங்கும்போது சங்கம் கூடிப் பேசும், கடைசியில் கை தூக்கும். அதிகக் கை யாருக்கோ பட்டை அவனுக்கு.

இருபத்தைந்து வருஷமாக அது இருசப்பனிடம் இருந்தது. 1931-ல் கடற்கரையில் மேடை போட்டு, பிரெஞ்சுக் கப்பல்காரன் ஒருவனைப் படுக்கவைத்தவர். பிறகு பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து, இடது கண்ணில்லாமல் திரும்பி வந்தார். பீரங்கிச் சில்லு பட்டது என்று ஊருக்குத் தெரியும்.

ஊருக்குத் தெரிந்த இன்னொன்று அவர் கழுத்து. சண்டைக்கு நிற்கும்போது முகத்தை இடது பக்கம் நன்றாகத் திருப்பி, வலது கண்ணால் எதிராளியை அலட்சியமாகப் பார்ப்பார். அதற்கு இருசப்பன் கழுத்து என்றே பெயர். சங்கத்தில் சேரும் எவனுக்கும் முதல் பாடம் அதுதான். குத்தத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, கழுத்து திரும்ப வேண்டும். தெய்வநாயகம் மட்டும் திருப்பவில்லை. எதிராளியை நேராகப் பார்த்துத்தான் நிற்பான். பதினோரு பேரையும் அப்படித்தான் அடித்தான்.

நானும் அவனும் மில்லில் ஒரே ராத்திரி ஷிப்டு. நான் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டு, அறுந்த நூலை முடிச்சுப் போட வந்தவன். பகலில் தூக்கம் வராது, மனிதர்களோடும் அதிகம் ஒட்டாது. பாக்ஸிங் என்றால் மட்டும் வாய் திறக்கும். அதனால்தான் தெய்வநாயகம் என்னிடம் கேட்டான்.

"ராமதாசு, சங்கத்துல எனக்காக நீ பேசு. நான் பேசுனா அசிங்கமா இருக்கும்."

கேட்கும்போதே நூலை எடுக்க முகத்தை இடது பக்கம் திருப்பினான். கண் கெட்டதிலிருந்து அப்படித்தான். பக்கத்து மெஷின்காரன் கத்தினான்: "இப்பவாவது வந்துச்சேடா இருசப்பன் கழுத்து. மேடையில இருந்தப்ப வரல, நூல் கட்டறப்ப வருது."

தெய்வநாயகம் சிரிக்கவில்லை. "அந்தப் பட்டை வேணும்டா" என்றான். "இல்லன்னா பத்து வருஷத்துல நான் யாருன்னே எவனுக்கும் தெரியாது."

ஞாயிற்றுக்கிழமை மதியம் சங்கத்துக் கூடம் நிரம்பிவிட்டது. மில்காரர்கள் ஒரு பக்கம். சொல்தாக்கள், அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து திரும்பியவர்கள், தொப்பியோடு இன்னொரு பக்கம். வைத்திக்குப்பத்திலிருந்து தெய்வநாயகத்தின் ஆட்கள் மீன் வாடையோடு வந்து வாசலை அடைத்துக்கொண்டார்கள். அவன் பெண்டாட்டி ரஞ்சிதம் காலிக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். சங்கத்துக்குள் பொம்பளையா என்று யாரோ முனகினார்கள். "கண்ணுக்கு மருந்து ஊத்தறது நீயா நானா?" என்று கேட்டாள். முனகல் நின்றது.

இருசப்பன் சுவரோரம் நாற்காலியில் இருந்தார். பட்டை இடுப்பில் இருந்தது. அவருக்காகப் பேச எழுந்தவர் செயலாளர் தணிகாசலம். பிரெஞ்சு வழக்கப்படி அவரை முசே என்போம், ஐயா மாதிரி. பேச்சு நேராக இந்த ஊருக்கு வரவில்லை, அமெரிக்கா போய்விட்டு வந்தது.

"மார்சியானோ பெரியவன்னு பேப்பர்காரன் எழுதறான்" என்றார். "யாரை அடிச்சான்? ஜோ லூயியை. எப்போ? லூயிக்கு முப்பத்தேழு வயசு ஆனப்புறம். கிழவனை அடிச்சவன்லாம் சாம்பியனா?"

"அப்போ உங்க பிரெஞ்சுக்காரன் செர்தான்?" என்றேன்.

"செர்தான் ஏரோப்ளேன்ல செத்தான். மேடையில எவனும் அவனைச் சாகடிக்கல."

"தோத்திருக்காரு இல்ல?"

"தோள் எலும்பு விலகிடுச்சுய்யா."

"தோத்தவனுக்கு எலும்பு, ஜெயிச்சவனுக்குக் கிழவன். உங்க தராசுல ரெண்டு தட்டும் உங்க பக்கமே சாயுது, முசே."

மில் பக்கம் கை தட்டியது. எனக்கு உடம்பு சூடேறிவிட்டது. ராத்திரி முழுக்க விழித்திருந்தவன் என்பதே மறந்துவிட்டது. தெய்வநாயகத்தின் பதினோரு சண்டையையும் ஒவ்வொன்றாக எடுத்தேன். மதராஸ்காரனை மூன்றாம் ரவுண்டில் கயிற்றோடு கயிறாகச் சுருட்டியதைச் சொன்னபோது வாசலில் இருந்தவர்கள் உள்ளே தள்ளிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

"எல்லாம் சரி" என்றார் தணிகாசலம். "கழுத்து எங்க? மாடு வண்டியைப் பாக்கற மாதிரி நேராப் பாக்கறான். அதனாலதான் கண்ணுல வாங்கினான். இருசப்பன் அண்ணனோட வேகம் இவனுக்கு உண்டா? நான் முதல் வரிசையில உக்காந்து பாத்தவன். கை போறதே தெரியாது."

"நீங்க பாத்தீங்க. நாங்க பாக்கலையே."

அவர் இதற்காகவே காத்திருந்தார் போல. "பாக்கலாம்" என்றார்.

அந்தச் சண்டையை ஒரு பிரெஞ்சு நீதிபதி படம் பிடித்திருந்தார். ஐம்பத்து நான்கில் ஊரை விட்டுப் போகும்போது படத்தையும், கையால் சுற்றிக் காட்டும் சின்ன மெஷினையும் இருசப்பனிடம் கொடுத்துவிட்டுப் போனார். தணிகாசலம் கேட்டுக் கேட்டுத்தான் இருசப்பன் அதை எடுத்து வந்திருந்தார். முகத்தில் விருப்பமே இல்லை. மெஷினை வேறு யாரும் தொடக்கூடாது என்றார்.

ஜன்னல்களைப் போர்வையால் மூடினோம். சுவரில் ஒரு வேட்டியைக் கட்டினோம். இருசப்பன் கைப்பிடியைச் சுற்ற ஆரம்பித்தார். துண்டு அகலத்துக்கு ஒரு படம் விழுந்தது. மேடை, கூட்டம், பின்னால் கடல், புயலில் போன பழைய பாலம். நடுவில் இளவயது இருசப்பன், கழுத்தைத் திருப்பிக்கொண்டு.

அவர் கை ஈ பறப்பது போலப் பறந்தது. கப்பல்காரன் எங்கே போனாலும் அங்கே ஒரு குத்து. எதிலிருந்து தப்பினார், எதை வாங்கினார் என்று கண்ணால் தொடரவே முடியவில்லை. ஒரு நிமிஷத்துக்குள் கப்பல்காரன் கீழே கிடந்தான். சொல்தாக்கள் எழுந்து நின்று தொப்பியைத் தூக்கினார்கள். நான் தெய்வநாயகத்தைப் பார்த்தேன். அவன் முகம் செத்துப்போயிருந்தது.

"இது எந்த ஊர்க் கடல்?" என்றாள் ரஞ்சிதம்.

யாருக்கும் புரியவில்லை.

"கடலைப் பாத்தீங்களா யாராவது? நாய் தொரத்துனாப்போல ஓடுது அலை. நம்ம கடல் எப்போ அப்படி ஓடிச்சு?"

வைத்திக்குப்பத்துக்காரர்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு மில் பக்கம். அலையையே பார்த்து வளர்ந்த ஜனம், எல்லோரும் குத்தைப் பார்த்தோம், கடலைப் பார்க்கவில்லை.

"மெதுவா சுத்துங்க" என்றான் தெய்வநாயகம்.

"மெஷின் அப்படித்தான்" என்றார் இருசப்பன்.

"கையால சுத்தறது எப்படி அப்படித்தான் ஆகும்?" என்றேன். "ஊரெல்லாம் உங்க குத்து வேகம்னு பேசுது. இப்பல்ல தெரியுது, சுத்தற வேகம்னு."

பேசியது அதிகம்தான். சொல்தா ஒருவர் என் சட்டையைப் பிடித்தார். இருசப்பன் அவரை விலக்கினார். ஒற்றைக் கண்ணால் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கைப்பிடியை விட்டு எழுந்தார்.

"நீயே சுத்துடா, வாயாடி."

படத்தை முதலிலிருந்து மாட்டிக் கொடுத்தார். நான் சுற்றினேன். ரஞ்சிதம் வேட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்று கடலைப் பார்த்துச் சொன்னாள்: "இன்னும் மெதுவா. இன்னும். ரொம்பத் தூங்கிட்டே, கொஞ்சம் ஏத்து. ஆங், இதான் நம்ம அலை. இப்படியே போ."

அந்த வேகத்தில் இருசப்பன் சாதாரண மனிதராகிவிட்டார். கை நல்ல கைதான், ஆனால் ஈ இல்லை. அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று தெரிந்தது. கப்பல்காரன் இடது கையால் விட்டதெல்லாம் வீண், இருசப்பன் நகர்ந்துவிட்டார். வலது கையால் விட்டதெல்லாம் விழுந்தது. ஒன்றுவிடாமல் இடது கன்னத்தில் வாங்கினார். வாங்கிக்கொண்டே முன்னால் போனார்.

"பாருங்கய்யா" என்று கத்தினேன். "அவன் வலது கையை ஒரு தடவைகூடத் தடுக்கல. இவ்வளவு பெரிய ஓட்டையை வெச்சிருந்தவரா பெரியவர்? தெய்வநாயகத்தோட வலது கை மதராஸ் வரைக்கும் தெரியும். ரெண்டாம் ரவுண்டு தாண்டுவாரா இவர்?"

கூடம் எங்கள் பக்கம் சாய்வது கண்ணுக்கே தெரிந்தது. சொல்தாக்களில் இரண்டு பேர் தலையாட்டினார்கள். அப்போதே கை தூக்கச் சொல்லியிருந்தால் பட்டை எங்களுடையது.

"நிறுத்து" என்றான் தெய்வநாயகம்.

நிறுத்தினேன். படம் அப்படியே நின்றது. கப்பல்காரனின் வலது கை பாதி வழியில் இருந்தது. இருசப்பன் முகம் இடது பக்கம் திரும்பியிருந்தது.

தெய்வநாயகம் வேட்டிக்கு மிக அருகில் போனான். அவனும் முகத்தை இடது பக்கம் திருப்பித்தான் பார்த்தான், வேறு வழியில்லை அவனுக்கு. இரண்டு முகமும் ஒரே மாதிரி ஒரே பக்கம் திரும்பியிருந்தன. ரஞ்சிதம் அதைப் பார்த்துவிட்டாள். "யோவ்" என்றாள் மெதுவாக. சொல்லாதே என்று அர்த்தம்.

அவன் தணிகாசலத்திடம் கேட்டான். "முசே, இந்தச் சண்டைக்கு முன்னாடி இவர் எப்படி நிப்பாரு?"

தணிகாசலம் யோசித்தார். "முன்னாடியா? நேராத்தான். இந்தச் சண்டையிலதான் கழுத்து வந்துச்சு."

தெய்வநாயகம் இருசப்பனிடம் திரும்பினான். "அப்பவே உங்களுக்கு இடது கண்ணு தெரியல."

மெஷின் விளக்கின் சூடு என் முகத்தில் அடித்தது.

இருசப்பன் நாற்காலியில் சாய்ந்தார். "முப்பதாம் வருஷத் தீபாவளி" என்றார். "ஆனை வெடி. திரி அணைஞ்சிடுச்சோன்னு குனிஞ்சு பாத்தேன்."

"பீரங்கி?" என்றார் தணிகாசலம்.

"பீரங்கியைத் தூரத்துல இருந்து பாத்திருக்கேன்."

"பட்டாளத்துல கண்ணைப் பாக்காமலா சேத்தாங்க?" என்றார் ஒரு சொல்தா, தானே ஏமாற்றப்பட்ட மாதிரி.

"எனக்கு முன்னாடி நின்னவன் படிச்ச எழுத்தை மனப்பாடம் பண்ணிக்கிட்டேன்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவ்வளவுதான், கூடம் வெடித்தது. ஒற்றைக் கண்ணோடு அந்தக் கப்பல்காரனையா படுக்கவைத்தார்? அவ்வளவு குத்தையும் பார்க்காமலே வாங்கிக்கொண்டா? இருபத்தைந்து வருஷமாக ஊரே கழுத்தைத் திருப்பியது ஒரு ஆனை வெடிக்காகவா? தணிகாசலம் தன் கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அவரும் அந்தக் காலத்தில் திருப்பியவர்தான். திருப்பியதால் பார்வை குறைந்து யார் யார் எங்கே குத்து வாங்கினார்கள் என்று ஒவ்வொருவனும் தன் கதையை எடுத்துவிட்டான். ஒருவன் முன்பல்லைக் காட்டினான், அது இருந்த இடத்தை.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. ஜெயித்த சண்டை. மெஷினை விட்டு எழுந்து தெய்வநாயகத்தின் தோளைப் பிடித்தேன். "இன்னாடா பண்ணிட்டே?"

அதற்குள் கை தூக்கச் சொன்னார்கள். இருசப்பனுக்கு என்றபோது சொல்தாக்கள் தூக்கினார்கள், மில்காரர்கள் தூக்கினார்கள், வைத்திக்குப்பமே தூக்கியது. தெய்வநாயகமும் தூக்கினான். நான் தூக்கவில்லை. ரஞ்சிதமும் தூக்கவில்லை, அவளுக்குச் சங்கத்தில் கை கிடையாது.

இருசப்பனுக்குச் சந்தோஷம் இல்லை. பட்டையை இடுப்பில் இறுக்கிக்கொண்டே கேட்டார்: "வாயை மூடிக்கிட்டு இருந்தா உனக்கு வந்திருக்கும்ல?"

"வந்திருக்கும்."

"அப்புறம்?"

"நீங்க வேகமா சுத்தி ஜெயிக்கப் பாத்தீங்க. நானும் பாதியைக் காட்டி ஜெயிச்சா ரெண்டும் ஒண்ணுதான்."

"ஜெயிக்கறதுக்கு நான் வேகமா சுத்தலடா" என்றார் இருசப்பன். "வாங்கினது தெரியக்கூடாதுன்னு சுத்தினேன்." பிறகு கூடத்தைப் பார்த்துச் சொன்னார்: "நாளையிலேருந்து எவனும் கழுத்தைத் திருப்பக் கூடாது. இவனை மாதிரி நேராப் பாத்து நில்லுங்க." தணிகாசலம் அதைத் தீர்மானமாகவே அறிவித்தார். தெய்வநாயகம் இரண்டாவது என்றும் அறிவித்தார். அதற்கு யாரும் கை தூக்கவேண்டியிருக்கவில்லை.

வெளியே வந்தோம். வெயில் இன்னும் இறங்கவில்லை. ரஞ்சிதம் கூடையைத் தலைமேல் வைத்துக்கொண்டு அவனையே முறைத்துக்கொண்டு நடந்தாள்.

"ஒத்தக் கண்ணோட சண்டை போட்டவரைப் பாத்துட்டே" என்றாள். "இப்போ உனக்கும் திரும்ப மேடை ஏறணும்னு ஆசை வரும். வரட்டும், பாத்துக்கறேன்."

"எப்படி ஏறறது? அவர் கண்ணு போனது அப்போ யாருக்கும் தெரியாது. என் கண்ணு மதராஸ் வரைக்கும் தெரியும். வர்றவன் எல்லாம் இடது பக்கத்துலயே குத்துவான்."

அது அவளுக்குப் போதுமானதாக இருந்தது. எனக்குப் போதவில்லை. "பட்டை போச்சேடா" என்றேன்.

"போச்சு." அவன் முகத்தைத் திருப்பி என்னைப் பார்த்தான். முகம் காலையில் இருந்ததைவிட நன்றாக இருந்தது, அது எனக்கு எரிச்சலாக இருந்தது. "ஆனா யாருக்கு ரெண்டாவதுன்னு தெரிஞ்சுபோச்சுல்ல. இத்தினி நாளா அதுவே தெரியாது."

நான் மில் சங்கு ஊதும்வரை யோசித்தேன். உள்ளே போனதும் அவன் மெஷினுக்குப் போய்ச் சொன்னேன்: "ரெண்டு பேருக்கும் ரெண்டு கண்ணும் இருந்தா நீதான்."

"முதல் ரவுண்டுலயே விழுந்திருப்பேன்" என்றான்.

"மூணாவதுல அவரைக் கயித்துல தொங்கவிட்டிருப்பே."

பக்கத்து மெஷின்காரன் பேச்சுக்குள் மார்சியானோவை இழுத்தான். நூல் அறுந்துகொண்டே இருந்தது, மேஸ்திரி கத்திக்கொண்டே இருந்தார், நாங்கள் நிறுத்தவில்லை.