கயிறு கையில் இருக்கும்போது சொல்லக்கூடாத சொல்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எனக்குப் படகு ஓட்டத் தெரியாது, நீச்சலும் தெரியாது. இந்தக் கதை ஒரு வினைச்சொல்லிலிருந்து வந்தது. அந்தச் சொல்லுக்கு நம் மொழியில் ஒன்றுக்கு மேற்பட்ட வேலை. ஒரு வேலைக்காகச் சொன்னதை இன்னொரு வேலைக்காகக் கேட்கப்போய், ஒரு பெண் தன்னந்தனியாகக் கடலில் மிதந்தாள். அதை எழுதாமல் எப்படிச் சும்மா இருப்பது?

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: கோடை பிறந்ததும் கணவனும் மனைவியும் பாய் விரித்து—

நிறுத்திவிட்டேன். படுக்கப்போகிறார்கள் என்று நினைத்துவிடுவீர்கள். அடுத்தது: நீலக்கடலின் மடியில் வெண்பறவையென அந்தப் படகு— இதை எழுதிய கையை நானே கிள்ளிக்கொண்டேன். படகு அழுக்கு மஞ்சள் நிறம்.

2

நேராகவே வருகிறேன். அவர் லிஃப்ட் மெக்கானிக். அவள் பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் இருந்தவள். பல்வலிக்காரர்களின் கோபத்தையெல்லாம் சிரித்தபடி வாங்கிப் பழகியவள். வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, வருஷக்கணக்கில் படகிலேயே குடித்தனம் நடத்தியபடி ஊர் ஊராகப் போகவேண்டும் என்பது இருவரின் ஆசை. இந்தக் கோடை அதற்கு ஒத்திகை. கோடை முடியும்போது இருவரில் ஒருவர் 'வேண்டாம்' என்றாலும் படகை விற்றுவிடுவது, அதற்காக முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வதில்லை என்று ஒப்பந்தம்.

மகள் சிரித்தாள். "அம்மாவுக்கு பஸ்ல ஜன்னல் சீட் இல்லன்னாலே தலை சுத்தும். சீக்கிரமே திரும்பி வந்துடுவீங்க. பீரோவை என் வீட்டுக்கு அனுப்பாதீங்க, மறுபடி தூக்கிட்டு வர என்னால ஆகாது."

எல்லோரும் மனைவியைத்தான் சந்தேகப்பட்டார்கள். நானும்தான். முதல் பிரதியில் அவளை வாந்தி எடுக்கவைத்தேன், அழவைத்தேன்.*

* அழவில்லை. வாந்தி எடுத்தாள், வாய் கொப்பளித்தாள், அடுப்பிலிருந்த குக்கர் சரிகிறதா என்று பார்க்கப் போய்விட்டாள்.

3

[இங்கே ஒத்திகையின் சிரமங்களை விரிவாக எழுத வேண்டும்.]

விரிவாக வேண்டாம். உள்ளறையில் ஒருவர் சட்டை மாற்றினால் இன்னொருவர் வெளியே போயாக வேண்டும். ஒரு வாளித் தண்ணீரில் இருவர் குளியல். கழிவறை பம்ப் அடைத்துக்கொண்டால் கைவிட்டுத்தான் எடுக்கவேண்டும். அதை அவள் கற்றுக்கொண்டாள். "இத்தனை வருஷம் அடுத்தவங்க வாய். இப்ப இது. பெரிய வித்தியாசமில்ல" என்றாள்.

கஷ்டம் சுக்கானில்தான் வந்தது. அதைத் திருப்பும் கட்டையை வலது பக்கம் தள்ளினால் படகு இடது பக்கம் திரும்பும். ஒரு நாள் காலையில் அவள் மாற்றித் தள்ள, படகு மிதவையில் இடிக்கப் பார்த்தது. அவர் கட்டையைப் பிடுங்கினார்.

"உனக்கு இது வராது. குடு இப்படி."

அவள் கொடுத்துவிட்டாள். அன்று முழுக்க சுக்கான் பக்கமே போகவில்லை. நெஞ்சு கொதித்தது.

4

மாலையில் துறைக்குத் திரும்பினார்கள். காற்று கரையிலிருந்து கடல்பக்கம் அடித்தது. என்ஜினை அணைத்துவிட்டு அவர் கயிற்றோடு துறை மேடையில் குதித்தார். தூணில் சுற்றப்போனவர் அப்படியே நின்றார்.

"காலைல நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. மன்னிச்சுடு."

அவளுக்கு மனசு இளகிவிட்டது. "விடுங்க" என்றாள்.

விட்டுவிட்டார்.

கயிற்றை.

(முதல் பிரதியில் அவரைத் தண்ணீரில் குதிக்கவைத்து நீந்தவைத்தேன். எனக்கு அது பிடித்திருந்தது. ஆனால் அவள் என் பேனாவை முறைத்தாள்.)

படகு நழுவியது. அவர் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு மேடையில் சிறுத்துப்போனார். அவள் தண்ணீரில் இழுபட்ட கயிற்றை முதலில் மேலே இழுத்துப் போட்டாள். என்ஜின் இருமியது, கிளம்பவில்லை. அவளுக்குப் பயம்தான். முன்பாயை ஏற்றினாள். காற்று எதிரே இருந்ததால் நேராக வர முடியாது. வலப்பக்கமும் இடப்பக்கமுமாக வளைந்து வளைந்துதான் வரவேண்டும். ஒவ்வொரு திருப்பத்திலும் "வலது தள்ளினா இடது" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டாள். துறையை நெருங்கியபோது, தான் சிரித்துக்கொண்டிருப்பது அவளுக்கே தெரிந்தது.

கயிற்றை அவர்மேல் எறிந்தாள். "பிடிங்க. நான் சொல்ற வரைக்கும் காது கேக்காத ஆள் மாதிரி இருங்க."

5

அன்றோடு படகில் 'விடுங்க' தடை செய்யப்பட்டது. கயிறென்றால் 'கழட்டுங்க'. சண்டையென்றால் 'பரவாயில்ல'. கோடை முழுக்க இருவரும் இதை மீறவில்லை.

ஆனால் நான் சந்தேகப்படவேண்டிய ஆள் மாறிவிட்டார். அவள் தேறிக்கொண்டே போனாள். அவர் கட்டிய முடிச்சையே திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்த்தார். கோடை முடிய இருந்தபோது, தட்டைக் கழுவியபடி சொன்னார்:

"வித்துடலாமா?"

"ஏன்?"

"லிஃப்ட்ல கம்பி அறுந்தாலும் தாங்கிப் பிடிக்க பிரேக் இருக்கு. இங்க நான்தான் பிரேக். நானே விட்டுட்டேன்."

அவள் ஈரத் தட்டை வாங்கித் துடைத்தாள். "ஒப்பந்தப்படி நான் மூஞ்சியத் தூக்கக் கூடாது. தூக்கல. நாளைக்குக் காலைல கிளம்புவோம். சுக்கான் எனக்கு, கயிறு உங்களுக்கு. மேடையில நின்னு முடிவு சொல்லுங்க. நான் வேண்டாம்னு சொல்லப்போறதில்ல."

6

மூன்று முடிவுகள் எழுதிப்பார்த்தேன். ஒன்றில் படகு விலைபோனது; கிழித்துவிட்டேன். ஒன்றில் டால்ஃபின் துள்ளியது. அதை யார் கூப்பிட்டது? மூன்றாவது பாதியில் நிற்கிறது.

காலை. காற்று அன்றைக்கு அடித்த அதே பக்கம். அவர் மேடையில், தூணில் ஒரு சுற்றுச் சுற்றிய கயிற்றை இரண்டு கையாலும் பிடித்திருக்கிறார்.

"எனக்கு பயமா இருக்கு. மறுபடி தப்பு பண்ணிட்டேன்னா?"

சுக்கானைப் பிடித்திருப்பவள் சொல்கிறாள்:

"விடுங்க."

வாய் தவறி வந்ததல்ல, சத்தியமாக. கயிற்றை விட்டுவிட்டுத் தாவி ஏறலாம். பயத்தை விட்டுவிட்டு ஏறலாம். ஆசையையே விட்டுவிட்டுக் கரையில் நிற்கலாம். மூன்றுக்கும் நம் இலக்கணம் இடம் கொடுக்கிறது.

நான் இதற்குமேல் எழுதப்போவதில்லை. கயிறு இப்போது உங்கள் கையில். ஒன்று மட்டும் சொல்லிவைக்கிறேன்: நீங்கள் அவரைக் கரையிலேயே நிறுத்தினாலும், அவள் வளைந்து வளைந்து திரும்பி வந்து அவரை ஏற்றிக்கொள்வாள். அதை மாற்ற எனக்கும் உரிமையில்லை, உங்களுக்கும் இல்லை.