ஒன்பதாம் தேதிப் பயணம்

"கன்னத்தை உப்ப வைங்கப்பா" என்றாள் மகள். அவர் உப்ப வைத்தார். ரேசர் வழுக்கிக்கொண்டு இறங்கியது.

"இன்னிக்கு மழமழன்னு இருக்கணும். உங்கம்மா பாத்தா குறை சொல்லக்கூடாது" என்றார் அப்பா.

அம்மா போய் ஆறு வருடம். அன்று ஒன்பதாம் தேதி, அவர்களுடைய கல்யாண நாள். ஆஸ்பத்திரியில் அவர் கட்டிலுக்கும் எண் ஒன்பது. போதாக்குறைக்கு, வார்டுக்கு வரும் டாக்டரம்மாவுக்கு அம்மாவின் பெயரேதான். "ஆள் அனுப்பிக் கூப்பிடறா. ஒன்பதாம் தேதி கிளம்பிடுவேன்" என்று இரண்டு வாரமாகப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

முப்பத்தாறு வருடம் தபால்காரராக இருந்தவர். அம்மாவின் பெயரிலேயே அடுத்த தெருவிலிருந்த ஒருத்திக்கு வந்த கடிதத்தைத் தவறிப்போய் அம்மாவிடம் நீட்டியதில்தான் அவர் கல்யாணப் பேச்சே தொடங்கியது. அதன் பிறகு எந்தப் பெயரும் எந்தத் தேதியும் அவருக்குச் சும்மா வந்ததில்லை.

"நான் கணக்கு டீச்சர். என்கிட்டயேவாப்பா?" என்பாள் மகள். ஆனாலும் அன்று பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு, அவர் மணிக்கட்டை விடாமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

காலை போயிற்று. மதியமும் போயிற்று. சாயங்காலம் அவருக்குப் பசித்தது.

"என்னப்பா, கிளம்பலையா?"

"அவ எந்த விசேஷத்துக்கு நேரத்துல கிளம்பியிருக்கா? இன்னும் தலை சீவிக்கிட்டிருப்பா."

மகள் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு ரொட்டியைப் பாலில் நனைத்துக் கொடுத்தாள். நாலு துண்டு சாப்பிட்டார்.

பன்னிரண்டாம் தேதி காலை, ஜன்னல் வெயில் முகத்தில் விழத் தூங்கிக்கொண்டிருந்தவர் எழுந்திருக்கவில்லை.

வெளியூரிலிருந்த தம்பி போனில் அழுதான். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேட்டான்:

"பன்னெண்டுல என்னக்கா விசேஷம்?"

"ஒண்ணுமில்லடா."

"ஒண்ணையும் ரெண்டையும் கூட்டினா மூணு. மூணை மூணால பெருக்கினா…"

"பெருக்காதே. பஸ்ஸைப் பாத்து ஏறு."

இறப்புச் சான்றிதழுக்கு விவரம் கொடுக்கக் கீழ்த்தளத்துக்குப் போனாள். அங்கே எழுதிக்கொண்டிருந்தவளுக்கும் அவள் வயதுதான் இருக்கும். அப்பாவின் பெயரைச் சொன்னதும் பேனா நின்றது.

"எங்கப்பா பேரும் இதுதாங்க."

"எப்படி இருக்காரு?" என்றாள் மகள்.

"அவருக்கென்ன, கல்லு மாதிரி இருக்காரு. காலையில என் செருப்பை மாட்டிக்கிட்டு வாக்கிங் போயிட்டாரு. நான் அவரோடதைப் போட்டுக்கிட்டு வேலைக்கு வந்திருக்கேன்."

மேசைக்கு வெளியே காலை நீட்டிக் காட்டினாள். அகலமான தோல் செருப்பு. விரல்களுக்கு முன்னால் நாலு விரற்கடை காலியாகக் கிடந்தது.

மகள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"எந்தப் பக்கம் நடக்கப் போவாரு?" என்று கேட்டாள்.