பின்பக்கத்து இரண்டு ஸ்பீக்கர்கள்

என் தம்பி டெல்வினுக்குக் கண் போனது மஸ்கட்டில் வேலை பார்த்தபோது. கண்ணில் அழுத்தம் ஏறிக்கொண்டே போயிருக்கிறது. இந்த மடையன் தலைவலி மாத்திரையை விழுங்கிக்கொண்டே இருந்திருக்கிறான். இராஜாக்கமங்கலம் துறைக்குத் திரும்பி வந்தபின் அவன் தனியாக நடந்தது ஒரே இடத்தில்தான். அது கல்லூரிக் காலத்தில் அவன் விளையாடித் தீர்த்த ஒரு பழைய கம்ப்யூட்டர் விளையாட்டு. பாழடைந்த கோட்டைக்குள் காவலர்களிடம் சிக்காமல் போக வேண்டும். வழி அவனுக்கு மனப்பாடம். காவலன் எந்தத் திசையில் வருகிறான் என்பதை அறையின் நான்கு மூலையிலும் வைத்த ஸ்பீக்கர்கள் சொல்லிவிடும்.

2010-இல் அந்தக் கம்ப்யூட்டர் உப்புக்காற்றில் துருப்பிடித்துச் செத்தது. புதிது வாங்கினோம். பழைய சவுண்டு கார்டை அதில் மாட்டித் தந்தவர் டைட்டஸ் அண்ணன். எங்கள் கோயிலுக்கு மைக் செட் போடுகிறவர். நான்கு ஸ்பீக்கரும் கணீரென்று பாடின. ஆனால் விளையாட்டில் டெல்வின் நாலு எட்டு வைப்பதற்குள் பிடிபட்டான். மறுபடியும் பிடிபட்டான்.

“எல்லாப் பக்கமும் அவன் வாறான் அக்கா,” என்றான். கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அதன்பிறகு சாப்பிடக்கூட நாங்கள்தான் எழுப்ப வேண்டியிருந்தது.

எனக்குக் கோபம் வந்தால் கை சும்மா இருக்காது. டைட்டஸ் அண்ணனை வரவழைத்து, அவர் முன்னாலேயே செட்டிங்கைத் திறந்தேன். ‘எல்லா ஸ்பீக்கரிலும் ஒரே ஒலி’ என்ற கட்டத்தில் டிக் இருந்தது.

“இத யாரு போட்டது?”

“நான்தான். பொறத்தால உள்ள ரெண்டும் மிண்டல, சத்தமே வரல, அதான் போட்டேன். ஏட்டி, திருவிழாவுக்குக் கோயில்லேருந்து கடக்கர வரைக்கும் ஸ்பீக்கர் குழாய் கட்டுறேன். ஒரு குழாயில செபமும் இன்னொரு குழாயில வேறயுமா வரும்?”

அவர் தொழில் தர்மம் அது. டிக்கை எடுத்தேன். பின்பக்கத்து இரண்டும் ஊமையாகிவிட்டன. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான். விளையாட்டின் ஆடியோ பக்கத்தில் முப்பரிமாண ஒலி என்ற வரியே மங்கிக் கிடந்தது, அழுத்தினாலும் அசையவில்லை.

இன்டர்நெட்டில் தேடினேன். புது விண்டோஸ், பழைய விளையாட்டுகளின் ஒலியை நேராகக் கார்டிடம் போகவிடாதாம். அதனால் முன்பக்கத்து இரண்டு ஸ்பீக்கரில் வரும் வெறும் ஸ்டீரியோதான் மிஞ்சுமாம். விளையாட்டுக்கும் கார்டுக்கும் நடுவில் நின்று பேச, கார்டு கம்பெனியே ஒரு சின்ன மென்பொருள் வைத்திருந்தது. அதை இறக்கி, விளையாட்டு இருக்கும் ஃபோல்டரைக் காட்டிக் கொடுத்தேன். மங்கிய வரி தெளிந்தது.

டெல்வினைக் கெஞ்சிக் கூத்தாடி நாற்காலியில் உட்காரவைத்தேன். வேண்டாவெறுப்பாகத்தான் கீபோர்டில் கை வைத்தான். சட்டென்று அவன் தலை நிமிர்ந்தது.

“பொறத்தால, எடது பக்கம். ஒருத்தன் வாறான்.”

திரையில் யாரும் இல்லை. வெறும் கல்சுவர். அவன் சுவரோரம் ஒதுங்கி நின்றான். கொஞ்சம் பொறுத்து, விளக்கைப் பிடித்தபடி ஒரு காவலன் எங்கள் கண்ணெதிரே கடந்து போனான். டைட்டஸ் அண்ணன் நெற்றியில் சிலுவை வரைந்துகொண்டார்.

தம்பி போய்க்கொண்டே இருந்தான். தண்ணீர் சொட்டும் இடத்தில் திரும்பினான், காற்று ஊளையிடும் பக்கம் வாசலைக் கண்டுபிடித்தான். கண்ணிருந்தும் எனக்கு அங்கே இருட்டு மட்டும்தான் தெரிந்தது.

“ஏலே, முன்னால படி இருக்கு, பாத்து!” என்று கத்தினேன்.

“நீ மிண்டாம இரு அக்கா. ஒன் சத்தத்துல எனக்கு ஒண்ணும் கேக்கல.”

ஊருக்கு வந்த நாளிலிருந்து அவன் எழுந்தாலே போதும், ‘படி, தூண், வலது’ என்று கத்திக்கொண்டு கூடவே நடக்கிறவள் நான்தான்.

கொஞ்ச நேரம் கழித்துத் தண்ணீர் குடிக்க எழுந்தான். ‘படி’ என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன். அவன் நின்று, தலையைச் சாய்த்துக் காது கொடுத்தான். அடுக்களையில் ஃபிரிட்ஜ் முனகிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் நடந்தான். படியைக் காலால் தடவி இறங்கினான். உள்ளே தம்ளர் எடுக்கும் சத்தம் கேட்கும்வரை நானும் டைட்டஸ் அண்ணனும் மூச்சு விடவில்லை.